குழந்தைகளுக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை: யாருக்கு, எப்போது, எப்படி? முழு விவரம்

புது டெல்லி: படிக்கட்டு ஏற முடியாத பத்து வயதுச் சிறுமி, பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும் கைக்குழந்தை, வீட்டிலேயே ஆக்சிஜன் கருவியோடு பள்ளிப் பாடம் படிக்கும் சிறுவன். மருந்துகள் அனைத்தும் பலனளிக்காத நிலையில் இத்தகைய குழந்தைகளின் பெற்றோரிடம் மருத்துவர்கள் கடைசியாக எடுத்துரைக்கும் வழி நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை ஆகும்.

சிறுநீரகம், கல்லீரல் ஆகிய உறுப்புகளின் மாற்று சிகிச்சை குறித்துப் பொதுமக்களிடையே ஓரளவு விழிப்புணர்வு உள்ளது. ஆனால் குழந்தைகளுக்கான நுரையீரல் மாற்று சிகிச்சை உலக அளவிலேயே அரிதானது. பெரியவர்களுக்கு ஆண்டுதோறும் பல ஆயிரம் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைகள் நடைபெறுகின்றன. சிறார்களுக்கு நடைபெறுபவையாகப் பன்னாட்டுப் பதிவேட்டில் இடம்பெறுபவை நூறு என்ற அளவை ஒட்டியே இருந்து வருகின்றன. இந்தச் சிகிச்சை யாருக்குத் தேவைப்படுகிறது, எவ்வாறு நடைபெறுகிறது, அதன் பின்னர் குழந்தையின் வாழ்க்கை எப்படி அமைகிறது, இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது என்பவை குறித்து விரிவாகக் காணலாம்.

சிறார்களின் நுரையீரல் ஏன் செயலிழக்கிறது?

பெரியவர்களின் நுரையீரலைச் சிதைப்பதில் புகைப்பழக்கத்தால் வரும் நோய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுக்கு வரும் நோய்கள் பெரும்பாலும் மரபணுக் குறைபாட்டினாலோ, பிறவிக் கோளாறினாலோ, கடுமையான தொற்றின் பின்விளைவாகவோ ஏற்படுகின்றன. வயதுக்கேற்பவும் காரணம் மாறுகிறது.

ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைகளில் சர்ஃபாக்டன்ட் எனப்படும் பொருளின் குறைபாடு முக்கியக் காரணமாகும். நுரையீரலின் நுண் காற்றறைகள் மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காப்பது இப்பொருளே. இதனை உருவாக்கும் மரபணுக்களில் பிறவியிலேயே பழுது இருந்தால், பிறந்த சில மணி நேரங்களிலேயே குழந்தைக்கு மூச்சுத் திணறல் தொடங்கிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்குச் செயற்கையாகச் செலுத்தப்படும் சர்ஃபாக்டன்ட் மருந்து இவர்களுக்குத் தற்காலிகப் பலனையே தரும். நுரையீரல் ரத்தக் குழாய்களைப் பாதிக்கும் பிறவி இதயக் கோளாறுகளும் இந்த வயதில் காரணமாக அமைகின்றன.

ஒரு வயதுக்கு மேற்பட்ட சிறார்களில் நுரையீரல் தமனி உயர் ரத்த அழுத்தம் முதன்மையான காரணங்களுள் ஒன்று. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்கள் சுருங்கித் தடித்துப்போவதால், இதயத்தின் வலப்பகுதி மிகுந்த அழுத்தத்துடன் ரத்தத்தைத் தள்ள நேர்ந்து, நாளடைவில் தளர்ந்துவிடுகிறது.

வளரிளம் பருவத்தில் நீண்ட காலமாக முதலிடத்தில் இருந்த நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். தாய், தந்தை இருவரும் பழுதுற்ற மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு இந்நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூச்சுக்குழாய்களில் சளி கெட்டியாகி, தொற்று மீண்டும் மீண்டும் ஏற்பட்டு நுரையீரல் அழிகிறது. மேலை நாடுகளில் பரவலாக அறியப்பட்ட இந்நோய் இந்தியாவிலும் உண்டு. ஆனால் காசநோய் என்றோ, ஆஸ்துமா என்றோ, நிமோனியா என்றோ கருதிச் சிகிச்சை அளிக்கப்படுவதால் பல குழந்தைகளுக்கு நோய் தாமதமாகவே கண்டறியப்படுகிறது.

இவை தவிர, நுரையீரல் திசு தழும்பாக மாறும் இடைத்திசு நோய்கள், கடுமையான வைரஸ் தொற்றுக்குப் பின்னர் சிறு மூச்சுக்குழாய்கள் அடைபட்டுப்போகும் நோய், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் அதே வகைப் பாதிப்பு ஆகியவையும் சிறார்களை இந்த நிலைக்குக் கொண்டு செல்கின்றன.

வரலாறு

மனிதருக்கு முதல் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஜேம்ஸ் ஹார்டி தலைமையில் நடைபெற்றது. நோயாளி 18 நாள்களே உயிர் வாழ்ந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் நிலைத்த வெற்றியைத் தரவில்லை. புதிய நுரையீரலின் மூச்சுக்குழாயைத் தைத்து இணைத்த இடம் ஆறாமல் பிரிந்துபோவதே பெரும் தடையாக இருந்தது.

சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 1980-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே நிலைமை மாறியது. 1981-இல் ஸ்டான்ஃபோர்டில் மருத்துவர் புரூஸ் ரைட்ஸ் தலைமையிலான குழு இதயத்தையும் நுரையீரலையும் ஒருசேர மாற்றி வெற்றி கண்டது. 1983-இல் கனடாவின் டொராண்டோவில் மருத்துவர் ஜோயல் கூப்பர் தலைமையிலான குழு ஒற்றை நுரையீரல் மாற்றிலும், 1986-இல் இரட்டை நுரையீரல் மாற்றிலும் வெற்றி பெற்றது. இதைத் தொடர்ந்து 1980-களின் பிற்பகுதியில் இந்தச் சிகிச்சை சிறார்களுக்கும் விரிவடைந்தது.

இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் கே.எம். செரியன் தலைமையிலான குழு நாட்டின் முதல் இதய–நுரையீரல் கூட்டு மாற்று அறுவை சிகிச்சையை மேற்கொண்டது. தற்போது சென்னை, ஹைதராபாத், மும்பை, பெங்களூரு, டெல்லி, கொச்சி உள்ளிட்ட நகரங்களில் நுரையீரல் மாற்று சிகிச்சை மையங்கள் உள்ளன. எனினும் இவற்றில் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலானோர் வயது வந்தவர்களே.

எப்போது முடிவெடுக்க வேண்டும்?

மிக முன்னதாக மாற்று சிகிச்சை செய்தால், தன் சொந்த நுரையீரலோடு இன்னும் சில ஆண்டுகள் வாழக்கூடிய குழந்தையை ஆபத்துக்கு உட்படுத்தியதாகிவிடும். மிகத் தாமதமானால், அறுவை சிகிச்சையைத் தாங்கும் வலிமையை உடல் இழந்துவிடும். ஆகவே, காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பதற்கு வெகு முன்பே குழந்தையை மாற்று சிகிச்சை மையத்திற்கு அனுப்பி மதிப்பீடு செய்ய வேண்டும் என்பதே மருத்துவ நெறி.

ஆக்சிஜன் தேவை படிப்படியாக உயர்தல், மருத்துவமனையில் அடிக்கடி சேர்க்க நேர்தல், எடை கூடாமை, மூச்சை வேகமாக வெளிவிடும் திறன் தொடர்ந்து குறைதல், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு உயர்தல், மயக்கம், இதயத்தின் வலப்பகுதி தளர்தல் ஆகியவை மருத்துவர்கள் கவனிக்கும் அறிகுறிகளாகும். மையத்திற்கு அனுப்புவது என்றால் அறுவை சிகிச்சை உறுதி என்று பொருளாகாது. மதிப்பீடு செய்யப்படும் குழந்தைகளில் சிலருக்கு வேறு சிகிச்சையே போதுமானதாக இருக்கும்.

மதிப்பீட்டின்போது சி.டி. ஸ்கேன், இதய எக்கோ, தேவைப்பட்டால் இதய வடிகுழாய்ப் பரிசோதனை, ஆறு நிமிட நடைப் பரிசோதனை, சிறுநீரகம் மற்றும் கல்லீரல் செயல்பாடு, ரத்த வகை, எதிர்ப்புப் புரதங்கள் ஆகியவை ஆராயப்படுகின்றன. கட்டுக்குள் வராத தொற்று, செயல்நிலையில் உள்ள காசநோய், புற்றுநோய், மீள முடியாத பிற உறுப்புச் செயலிழப்பு ஆகியவை இருந்தால் மாற்று சிகிச்சை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

ஊட்டச்சத்தும் தடுப்பூசியும் இந்தக் கட்டத்தில் மிக முக்கியம். மெலிந்த குழந்தைகளுக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் பொருத்தப்படும் குழாய் வழியாகவோ கூடுதல் உணவு தரப்படுவதுண்டு. தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை மாற்று சிகிச்சைக்குப் பின்னர் பொதுவாகப் போட முடியாது என்பதால், அவற்றை முன்கூட்டியே, குறைந்தது நான்கு வார இடைவெளி இருக்குமாறு முடித்துவிட வேண்டும்.

குடும்பத்தின் நிலையும் மதிப்பிடப்படுகிறது. நாள்தோறும் தவறாமல் மருந்து தருவதற்கும், மையத்திற்கு அருகிலேயே பல மாதங்கள் தங்குவதற்கும் யார் இருக்கிறார்கள் என்று மருத்துவச் சமூகப் பணியாளர்கள் கேட்பது இதற்காகவே.

அளவு என்னும் சிக்கல்

குழந்தையின் மார்புக்கூட்டிற்குப் பொருந்தும் நுரையீரல் கிடைப்பது அரிது. மிகப் பெரிய நுரையீரலைப் பொருத்தினால் அது முழுமையாக விரியாமல், இதயத்தையும் அழுத்தும். மிகச் சிறியதாக இருந்தால் இதயம் அனுப்பும் ரத்தம் முழுவதும் குறுகிய குழாய்களில் பாய்ந்து வீக்கத்தை ஏற்படுத்தும். எனவே ரத்த வகைப் பொருத்தத்துடன் உயரத்தையும் கணக்கிட்டே உறுப்பு தேர்ந்தெடுக்கப்படுகிறது.

குழந்தைகள் மூளைச்சாவு அடைவது பெரியவர்களை விடக் குறைவு. அவ்வாறு நேர்ந்தாலும் பெற்றோர் உறுப்பு தானத்திற்கு இசைவது எளிதன்று. கிடைக்கும் நுரையீரல்களும் எல்லா நேரங்களிலும் பயன்படுவதில்லை. மூளைச்சாவின்போது உடலில் ஏற்படும் மாற்றங்களால் நுரையீரலில் நீர் கோத்தல், வயிற்றிலிருந்து உணவு மூச்சுக்குழாயில் புகுதல், செயற்கை சுவாசக் கருவியால் வரும் தொற்று ஆகியவை அதனை எளிதில் கெடுத்துவிடுகின்றன. சிறுநீரகமும் கல்லீரலும் பயன்படும் நிலையில் இருக்கும் பல கொடையாளர்களிடம் நுரையீரல் மட்டும் பயன்படாமல் போவது இதனால்தான்.

இச்சிக்கலுக்கு மருத்துவர்கள் சில வழிகளைக் கண்டுள்ளனர். பெரியவரின் நுரையீரலிலிருந்து ஒரு மடலை மட்டும் பிரித்துக் குழந்தைக்குப் பொருத்துவது ஒன்று. உயிருடன் உள்ள இருவர், பெரும்பாலும் பெற்றோர், தலா ஒரு கீழ் மடலைக் கொடுக்க, ஒன்று வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் பொருத்தப்படுவது இன்னொன்று. அமெரிக்காவில் 1990-களில் மருத்துவர் வான் ஸ்டார்ன்ஸ் தலைமையில் வளர்ந்த இம்முறை, மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு கிடைப்பது மிகவும் அரிதாக இருந்த ஜப்பானில் பெரிதும் நிலைபெற்றது. ஆரோக்கியமான இருவரை ஒரே நேரத்தில் அறுவை சிகிச்சைக்கு உட்படுத்துவதால், பிற நாடுகளில் இது இன்று மிக அரிதாகவே செய்யப்படுகிறது.

உடலிலிருந்து எடுக்கப்பட்ட நுரையீரலைக் கருவியில் இணைத்து, காற்றும் திரவமும் செலுத்தி, அதன் தரத்தைச் சோதித்துச் சீராக்கும் முறையும் டொராண்டோ மருத்துவர்களால் வளர்த்தெடுக்கப்பட்டுள்ளது. ஐயத்துக்குரிய உறுப்புகள் சிலவற்றை இதன் மூலம் பயன்படுத்த முடிகிறது.

யாருக்கு முதலில்?

பற்றாக்குறையான உறுப்பை யாருக்கு அளிப்பது என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது. அங்கு 2005-ஆம் ஆண்டு முதல் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு நோயின் தீவிரத்தையும் சிகிச்சையின் பலனையும் கணக்கிடும் மதிப்பெண் முறை நடைமுறையில் இருந்தது. 12 வயதுக்குட்பட்டோர் அதில் சேர்க்கப்படவில்லை. பெரியவர்களின் நுரையீரல் அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது.

2013-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் உயிருக்குப் போராடிய 10 வயதுச் சிறுமியின் பெற்றோர் இவ்விதியை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகினர். அச்சிறுமிக்கு விதியைப் பொருத்தக் கூடாது என நீதிபதி இடைக்கால ஆணை பிறப்பித்தார். அதே மாதத்தில் அவருக்குப் பெரியவர் ஒருவரின் நுரையீரல் பொருத்தப்பட்டது. அது செயலிழந்ததால் சில நாள்களிலேயே இரண்டாவது முறையும் அறுவை சிகிச்சை நடைபெற்று, சிறுமி உயிர் பிழைத்தார். தகுதியுள்ள சிறார்கள் பெரியவர்களுக்கான பட்டியலிலும் இடம்பெற விண்ணப்பிக்கலாம் என்ற விலக்கு பின்னர் நிரந்தரமாக்கப்பட்டது.

மருத்துவ விதிகளை நீதிமன்றம் தனி ஒருவருக்காகத் தளர்த்தலாமா, பட்டியலில் காத்திருந்த முகம் தெரியாத மற்றொருவரின் நிலை என்ன என்ற வினாக்கள் அப்போது எழுந்தன. குழந்தைக் கொடையாளரின் நுரையீரலைக் குழந்தைகளுக்கே முதலில் வழங்குவது, சிறார்களுக்குத் தனி முன்னுரிமை தருவது ஆகிய கொள்கைகள் இந்த விவாதங்களின் வழியே வலுப்பெற்றன.

இந்தியச் சட்டம் கூறுவது என்ன?

இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 2011-ஆம் ஆண்டின் திருத்தம், 2014-ஆம் ஆண்டின் விதிகள் ஆகியவை உறுப்பு தானத்தை நெறிப்படுத்துகின்றன. உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றமாகும்.

மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு உறுதிப்படுத்த வேண்டும். பரிசோதனைகள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை செய்யப்பட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு இந்த இடைவெளி மேலும் கூடுதலாக இருக்க வேண்டும் என மருத்துவ வழிகாட்டுதல்கள் அறிவுறுத்துகின்றன. 18 வயதுக்குட்பட்ட ஒருவர் மூளைச்சாவு அடைந்தால், பெற்றோரில் ஒருவர் எழுத்து வழியே இசைவளித்தால் உறுப்புகளை எடுக்கலாம். உயிருடன் உள்ள சிறாரிடமிருந்து உறுப்புகளைப் பெறச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை.

தேசிய அளவில் நோட்டோ எனப்படும் தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பு டெல்லியில் இயங்குகிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா, சண்டிகர், குவாஹாட்டி ஆகிய ஐந்து நகரங்களில் மண்டல அமைப்புகள் உள்ளன. தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் மாநில அமைப்புகளும் செயல்படுகின்றன. உறுப்பு முதலில் மாநிலத்திற்குள்ளும், பொருத்தமானவர் இல்லையெனில் மண்டலத்திற்கும், பின்னர் நாட்டின் பிற பகுதிகளுக்கும் அளிக்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு, உறுப்பு பெறப் பதிவு செய்வதற்கு அம்மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. வேறு மாநிலங்களுக்குச் சென்று சிகிச்சை பெற வேண்டிய சிறார்களின் குடும்பங்களுக்கு இது முக்கியமான மாற்றமாகும்.

நாட்டில் 2013-இல் 5,000-க்கும் குறைவாக இருந்த உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை, 2023-இல் 18,000-ஐத் தாண்டியது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை உயிருடன் உள்ளோர் வழங்கும் சிறுநீரகமும் கல்லீரலும்தான். மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தானம் செய்வோர் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. நுரையீரல் மாற்றோ ஏறக்குறைய முழுவதும் இவர்களையே நம்பியுள்ளது.

அறுவை சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

சிறார்களுக்குப் பெரும்பாலும் இரண்டு நுரையீரல்களும் மாற்றப்படுகின்றன. ஒன்றில் தொற்று இருந்து மற்றொன்றை மட்டும் மாற்றினால் புதியதும் கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், குழந்தையின் வளர்ச்சிக்கு இரண்டும் தேவை என்பது.

எடுக்கப்பட்ட நுரையீரல் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தில் வைக்கப்பட்டு, வழக்கமாக ஆறு மணி நேரத்தையொட்டிப் பொருத்தப்பட வேண்டும். விமான நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை போக்குவரத்தை நிறுத்திப் பசுமை வழித்தடம் அமைப்பது இந்த நேரக் கணக்கிற்காகவே.

மார்பின் குறுக்கே கீறல் இடப்பட்டு, இதய–நுரையீரல் இயந்திரம் அல்லது எக்மோ கருவியின் துணையுடன் பழைய நுரையீரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகற்றப்படுகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் மூச்சுக்குழாய், நுரையீரல் தமனி, இதயத்தின் இட மேலறையுடன் சேரும் சிரைப் பகுதி ஆகிய மூன்றும் தைத்து இணைக்கப்படுகின்றன. குழந்தைகளின் மூச்சுக்குழாய் மிகச் சிறியது என்பதால் அந்தத் தையல் பின்னர் சுருங்கி அடைபடும் அபாயம் உண்டு.

துண்டிக்கப்படும் நரம்புகளும் நிணநீர்க் குழாய்களும் மீண்டும் இணைக்கப்படுவதில்லை. இதனால் தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் குழந்தைக்கு இருமல் உணர்வு எழுவதில்லை. மூச்சுப் பயிற்சியும் உடலியக்கச் சிகிச்சையும் மருந்துக்கு இணையாக வலியுறுத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

வாழ்நாள் முழுவதும் மருந்து

நுரையீரல், நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் வெளியுலகத் தூசியையும் கிருமிகளையும் சந்திக்கும் உறுப்பு. எனவே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கவனம் அதன்மீது எப்போதும் உண்டு. பிற உறுப்புகளை விட நுரையீரலை உடல் நிராகரிக்கும் வாய்ப்பு அதிகமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு ஆகிய மூன்று மருந்துகளின் கூட்டு வழக்கமாக அளிக்கப்படுகிறது. டாக்ரோலிமஸ் குறித்த நேரத்தில் கொடுக்கப்பட வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு அடிக்கடி சோதிக்கப்பட வேண்டும். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் போன்ற பழங்கள் இம்மருந்தின் அளவை ஆபத்தான வகையில் உயர்த்தக்கூடும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டும். மருத்துவரைக் கேளாமல் எந்த நாட்டு மருந்தும் தரக் கூடாது.

எதிர்ப்பாற்றல் குறைக்கப்படுவதால் பாக்டீரியா, பூஞ்சை, சைட்டோமெகலோ வைரஸ், காசநோய் ஆகிய தொற்றுகளின் அபாயம் கூடுகிறது. எப்ஸ்டீன்–பார் வைரஸை அதுவரை சந்தித்திராத குழந்தைகளுக்கு, அத்தொற்றின் தூண்டுதலால் நிணநீர்த் திசுவில் புற்று உருவாகும் வாய்ப்பு பெரியவர்களை விட அதிகம். சிறுநீரகப் பாதிப்பு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் மருந்துகளின் பின்விளைவாக வரலாம்.

நாள்பட்ட நிராகரிப்பே நீண்ட காலத்தில் மிகப் பெரிய சவால். சிறு மூச்சுக்குழாய்கள் மெல்ல மெல்லத் தழும்பாகி அடைபடுகின்றன. வீட்டிலேயே நாள்தோறும் மூச்சளவியில் ஊதிக் குறித்து வந்தால் வீழ்ச்சியைத் தொடக்கத்திலேயே அறியலாம். ஊதிக் காட்ட இயலாத சிறு குழந்தைகளுக்கு இதைக் கண்டறிவது கடினம்.

வளரிளம் பருவத்தினர் மருந்தைத் தவறவிடுவது உலகெங்கும் காணப்படும் சிக்கலாகும். உடல் நலமாக இருப்பதாக உணரும்போது மாத்திரையின் மீதான அக்கறை குறைகிறது. ஸ்டீராய்டால் முகம் வீங்குவதும் அவர்களை வருத்துகிறது. கண்டிப்பைக் காட்டிலும், மருந்தின் பொறுப்பைப் படிப்படியாக அவர்களிடமே ஒப்படைத்து உடனிருப்பது பலன் தருவதாக மருத்துவர்கள் கூறுகின்றனர்.

எத்தனை ஆண்டுகள்?

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. பன்னாட்டுப் பதிவேட்டுத் தரவுகளின்படி, சிகிச்சை பெற்ற சிறார்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முதல் ஆண்டைக் கடக்கின்றனர். பாதிப் பேர் ஐந்து முதல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். பெரியவர்களுக்கான நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. பத்து ஆண்டுகளையும் கடந்து கல்லூரிக்கும் வேலைக்கும் சென்றவர்களும் உள்ளனர். சிலருக்கு இரண்டாவது முறை மாற்று சிகிச்சை தேவைப்படுகிறது.

சிறுநீரகம், கல்லீரல் மாற்றுடன் ஒப்பிட்டால் இந்தக் காலம் குறைவு என்பதை மறைப்பதற்கில்லை. இச்சிகிச்சையில் ஒரு கொடிய நோயின் இடத்தில், கட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய மற்றொரு நாள்பட்ட நிலை வந்து அமர்கிறது. ஆக்சிஜன் குழாய் இன்றி ஓடியாடும் சில ஆண்டுகளுக்காக இத்தனை இடர்களை ஏற்பதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் குழந்தையின் நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது. வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெற்றோரும் தம் குழந்தையைக் கைவிட்டவர்கள் ஆகமாட்டார்கள். மூச்சுத் திணறலையும் வலியையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை, எந்த முடிவை எடுத்தாலும் தொடக்கம் முதலே குழந்தைக்குக் கிடைக்க வேண்டும்.

மாற்று வழிகள் உண்டா?

சில நோய்களில் மருந்துகளே நிலைமையை மாற்றியுள்ளன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் அடிப்படைப் பழுதைச் சீராக்கும் மூன்று மருந்துகளின் கூட்டுக்கு 2019-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அது கிடைக்கும் நாடுகளில் இந்நோய்க்காக நுரையீரல் மாற்று செய்யப்படுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் இதன் விலை மிக அதிகம். எல்லா மரபணு வகைகளுக்கும் அது பொருந்துவதும் இல்லை.

நுரையீரல் தமனி உயர் ரத்த அழுத்தத்திற்கும் இன்று பல மருந்துகள் உள்ளன. அவை போதாதபோது, இடப்பக்க நுரையீரல் தமனியை உடலின் பெருந்தமனியுடன் இணைத்து இதயத்தின் சுமையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை, தேர்ந்தெடுத்த சிறார்களுக்குச் சில மையங்களில் செய்யப்படுகிறது. இது மாற்று சிகிச்சையைத் தள்ளிப்போட உதவும். காத்திருக்கும் காலத்தில் நிலை மோசமானால் எக்மோ கருவியின் துணையுடன் குழந்தையைத் தாங்கி வைத்திருக்கவும் முடிகிறது.

செலவும் தொலைவும்

இந்தியக் குடும்பங்களுக்கு அறுவை சிகிச்சைக் கட்டணம் மட்டுமே சுமையாக இருப்பதில்லை. காத்திருப்புக் காலத்தில் வேற்று ஊரில் வாடகை வீடு, பெற்றோரில் ஒருவரின் வேலை இழப்பு, உடன்பிறந்தோரின் படிப்பு, வாழ்நாள் முழுவதும் மருந்து மற்றும் பரிசோதனைச் செலவு ஆகியவை சேர்ந்து பல லட்சம் ரூபாயை எட்டுகின்றன. பிரதமரின் தேசிய நிவாரண நிதி, மாநில அரசுகளின் காப்பீட்டுத் திட்டங்கள், தொண்டு அறக்கட்டளைகள் ஆகியவற்றில் கிடைக்கக்கூடிய உதவி குறித்து மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அல்லது உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

பெற்றோர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் குழந்தையின் நோய்க்கு மரபணுப் பரிசோதனை உட்பட உறுதியான காரணம் கண்டறியப்பட்டுள்ளதா?

2. மாற்று சிகிச்சை இல்லாமல் எவ்வளவு காலம் எதிர்பார்க்கலாம்? வேறு மருந்தோ அறுவை சிகிச்சையோ எஞ்சியுள்ளதா?

3. இந்த மையத்தில் இதுவரை எத்தனை சிறார்களுக்கு இச்சிகிச்சை நடந்துள்ளது? அவர்கள் இப்போது எப்படி உள்ளனர்?

4. காத்திருப்புக் காலத்தில் எங்கு தங்க வேண்டும்? அழைப்பு வந்தால் எத்தனை மணி நேரத்தில் வந்து சேர வேண்டும்?

5. முதல் ஆண்டின் மருந்துச் செலவு எவ்வளவு? அதன் பின்னர் மாதந்தோறும் எவ்வளவு?

6. சொந்த ஊரில் காய்ச்சல் வந்தால் யாரை அணுகுவது? உள்ளூர் மருத்துவருடன் மையம் தொடர்பில் இருக்குமா?

மறுமுனையில் இருப்பவர்கள்

பட்டியலில் காத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வரும் அந்தத் தொலைபேசி அழைப்பின் மறுமுனையில், தம் பிள்ளையை இழந்த வேறொரு தாயும் தந்தையும் இருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டு தமிழகத்தில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயதுச் சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனது பெற்றோர் தானமாக வழங்கினர். அவனது இதயம் 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்த நிகழ்வு மாநிலத்தில் உறுப்பு தானம் குறித்த மனநிலையையே மாற்றியதாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு முதல் உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது.

இந்தியாவில் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை சிகிச்சை 1994-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடைபெற்றது. அதன் நினைவாக 2023 முதல் ஆகஸ்ட் 3-ஆம் தேதி இந்திய உறுப்பு தான தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நோட்டோவின் இணையதளத்தில் ஆதார் எண் கொண்டு உறுப்பு தான உறுதிமொழியைப் பதிவு செய்யலாம். எனினும் இறுதி நேரத்தில் மருத்துவமனை கேட்பது குடும்பத்தாரின் இசைவையே. ஆகவே பதிவு செய்வதோடு நில்லாமல், தம் விருப்பத்தை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லி வைப்பதும் அவசியமாகும்.